பதினேழாவது குப்பி

மணலிப்பாடத்தில் முப்பத்திரண்டு வீடுகளுக்குக் காலையில் பால் கொண்டு வருகிறவள் பிரஜிதா. எம்.ஏ. படித்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். எங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இங்கே சட்டம் படித்தவன் ஆட்டோ ஓட்டுகிறான், சட்டம் படிக்காதவன் பின்னால் உட்கார்ந்து அவனுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டு போகிறான். எனக்கு அவள்மேல் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். மழைக்காலத்தில் என் வீட்டுக்குப் பால் நேரத்துக்கு வராது.

கோடையில் அவள் வயலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் பாக்குமரப் பாலத்தில் ஏறி வருவாள். அப்போது நான் ஆறாவது வீடு. மழை பிடித்தால் பாலம் முங்கிவிடும். கோயில் பக்கமாக ரோட்டைச் சுற்றி வருவாள். அப்போது நான் பதினேழாவது. பாதி ஊர் டீ குடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் என் அடுப்பில் பால் பொங்கும். அதுவரை பால் இல்லாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டுக் கடை திறக்கப் போகவேண்டும். பத்து வருஷமாக இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். "ரோடு எங்க வீட்டு சொத்தா சேட்டா, மாத்திப் போடறதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

நான் மட்டுமில்லை, எங்கள் ஊரில் எல்லோருக்குமே தங்கள் வீடு பால் வரிசையில் எத்தனையாவது என்று தெரியும். ரேஷன் கார்டு நம்பரை மறந்தவர்கள் உண்டு, பால் வரிசையை மறந்தவர்கள் கிடையாது. ரேஷன் கடைக்காரன் சொல்கிறேன், நம்பலாம்.

பிரஜிதா கொடகரைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவள். பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சைக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் உதயன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நல்ல பையன், வாயைத் திறந்தால்தான் ஊமை இல்லை என்று தெரியும். மாமனார் விட்டுப்போன ஒரு பசுவை மூன்றாக்கினாள். சொசைட்டிக்கு ஊற்றியது போக மீதியை வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனதும் விட்ட பரீட்சையை எழுதினாள். அதோடு நிற்கவில்லை, தபால் வழியில் சமூகப்பணி எம்.ஏ.க்குச் சேர்ந்தாள். தொழுவத்துச் சுவரில் பாடங்களை எழுதி ஒட்டி வைத்து, கறந்துகொண்டே படித்தாள். அவளுடைய கறுப்புப் பசு பாதி எம்.ஏ. என்று நான் கேலி செய்வேன். "மீதிப் பாதிய உங்களுக்குச் சொல்லித் தரட்டுமா?" என்பாள்.

அவள் கிணறுகளைப் பிடித்துக்கொண்டதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு நடந்தது. விருந்து முடிந்த மூன்றாவது வாரம் ஊரில் பாதிப் பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. பால் காய்ச்சிய வீட்டில் வந்த வியாதி ஆனதால், பழி நேராகப் பாலுக்குப் போயிற்று. பிரஜிதாவின் பால். ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பாலை நிறுத்தின. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் வழக்கமாக வைக்கும் காலிக் குப்பியை வைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து பார்த்து, எலுமிச்சைச் சாறு கலந்த கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சொன்ன பிறகு குப்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மன்னிப்புக் கேட்டு யாரும் வரவில்லை. நாங்களும்தான் போகவில்லை.

ஆகவே எம்.ஏ. கடைசி வருஷத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும் அவள் வேறு தலைப்பைத் தேடவில்லை. தான் பால் ஊற்றும் வீடுகளின் கிணறுகளில் மலக் கிருமி இருக்கிறதா, இருந்தால் கக்கூஸ் குழி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, வீட்டுக்காரர்களுக்கு அது தெரியுமா என்பதுதான் ஆராய்ச்சி. ஜூன் தொடக்கத்தில், மழை வரவா போகவா என்று நின்ற நாட்களில், பால் கொடுக்கப் போகும்போதே தினம் சில கிணறுகளில் தண்ணீர் பிடித்துப் போனாள். ஒவ்வொரு கிணற்றடியிலும் அவள் ஒரே வார்த்தையைச் சொன்னாள்: "பேரு வெளிய வராது. வெறும் நம்பர்தான்." என் வீட்டிலும் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால், குப்பி வைக்காத திண்ணைகளை அவள் மறக்கவில்லை என்று தெரிந்திருக்கும்.

பரிசோதனை முடிவு வந்ததும் அந்தந்த வீட்டுக்கு மட்டும் மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். என் சீட்டில் 'குடிக்கலாம்' என்று இருந்தது. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். மற்றவர்களுக்கு என்ன வந்தது என்று சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

கட்டுரைக்கு நல்ல மார்க் கிடைத்தது. திருச்சூரில் இருந்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை, இதை அலமாரியில் வைத்துப் பூட்டாதே, ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கூட்டத்தில் சொல் என்றிருக்கிறார். எங்கள் ஊரில் கூட்டம் என்றால் வாசகசாலை, வாசகசாலை என்றால் செயலாளர், செயலாளர் என்றால் நான். கட்டுரையைத் தூக்கிக்கொண்டு என் ரேஷன் கடைக்கு வந்தாள்.

கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து முதல் பத்துப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். ஆய்வின் நோக்கம், ஆய்வின் தேவை, ஆய்வின் எல்லை, முன்பு இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள். நான் கண்ணை மூடிக் கவனித்தேன். கவனித்தபடியே தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தபோது அவள் போயிருந்தாள். மூட்டைமேல் ஒரு காகிதம் இருந்தது: 'செயலாளரைத் தூங்க வைக்கும் பக்கங்கள்: ஒன்று முதல் பத்து வரை. நீக்கவும்.'

அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் அந்தக் கட்டுரையை அரிசி புடைப்பது போலப் புடைத்தாள். சொசைட்டியில் பால் அளக்க வரிசையில் நிற்பவர்களிடம் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிப் பார்ப்பாள். எந்த இடத்தில் கேன்காரர்கள் வேறு பேச்சுக்குத் தாவுகிறார்களோ அந்த இடம் போயிற்று. அட்டவணைகள் போயின. சதவீதம் போயிற்று. "நூத்துக்கு நாப்பது" என்றால் ஆட்கள் அந்த நூறு யார் என்று தேடுகிறார்களாம். "அஞ்சு வீட்ல ரெண்டு" என்றால் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்களாம். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை மீட்டரில் சொன்னபோது யாரும் அசையவில்லை. "ஒரு புடவையும் அதுக்கு மேல ரெண்டு முழமும்" என்றதும் இரண்டு பெண்கள் அன்று சாயங்காலமே புடவையைக் கொண்டுபோய்ப் போட்டு அளந்தார்களாம்.

கிருமியின் பெயரில்தான் எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. கட்டுரையில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அவள் அதை எடுத்துவிட்டு, "கக்கூஸ்ல இருக்க வேண்டியது கெணத்துல இருக்கு" என்று சொல்லப் போவதாகச் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் டீயும் பழம்பொரியும் கொடுக்கிறோம், யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். "சாப்பிடாம போனா வீட்டுக்குப் போயி கெணத்தப் பாப்பாங்க" என்றாள்.

பெயர் விஷயத்தில் அவள் காட்டிய ஜாக்கிரதையைச் சொல்ல வேண்டும். கட்டுரையில் வரைபடம் இருந்தது, எடுத்துவிட்டாள். கிணறுகளின் போட்டோக்கள் இருந்தன, முகம் தெரியாவிட்டாலும் கைப்பிடிச் சுவரைப் பார்த்தால் யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள் என்று அதையும் எடுத்துவிட்டாள். மிஞ்சியது ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கிருமி என்ற கணக்கு. அதைப் பேராசிரியைக்குக் காட்டிய கோடுகளாகக் காட்டாமல், பால் குப்பிகளாக வரைந்தாள். முப்பத்திரண்டு குப்பிகள் வரிசையாக. கிருமி இல்லாத கிணறு வெறும் குப்பி. இருந்தால் அளவுக்குத் தக்கபடி சிவப்பு. கம்ப்யூட்டரில் அதைக் கொண்டுவந்து காட்டியபோது நான் எழுந்து நின்று கைகொடுத்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும், இதைவிட எளிமையாக ஒருத்தனாலும் முடியாது என்றேன். உண்மைதான். ஆனால் அளவுக்குமேல் எளிமையாகிவிட்டது என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நவம்பரில் நோட்டீஸ் அடித்தோம். வரவேற்பு நான். தலைமை, வாசகசாலைத் தலைவர். தொடக்கவுரை, பஞ்சாயத்துத் தலைவி. அப்புறம் வாழ்த்துரை ஏழு பேர். பிரஜிதா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தன் பெயர் எங்கே இருக்கிறது என்று. வாழ்த்துரையைக் குறைக்கச் சொன்னாள். வாழ்த்துரை இல்லாத கூட்டம் பப்படம் இல்லாத சத்யை விருந்து என்று நான் மறுத்துவிட்டேன். ஒருவர் பெயரை எடுத்தால் அவர் அடுத்த வருஷச் சந்தாவை எடுத்துவிடுவார். அந்தக் கஷ்டம் எனக்குத்தானே தெரியும்.

அந்த ஏழு பேரில் சுகதன் ஒருவர், பக்கத்துப் பஞ்சாயத்தின் மெம்பர். அவரைச் சேர்க்கச் சொன்னது சசிதரன். சசிதரன் துபாயில் ஆயுளைக் கழித்துவிட்டு வந்து எங்கள் ஊரிலேயே பெரிய வீடாகக் கட்டியவர். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளைக்கு சுகதன் தாய்மாமன். சம்பந்தி வீட்டுக்காரரை மேடையில் ஏற்றி ஒரு பொன்னாடை போட்டால் தனக்கும் கௌரவம் என்று சசிதரன் கணக்குப் போட்டார். அவரும் மனைவியும் மகளும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

வாழ்த்துரைகள் முடிவதற்குள் குழந்தைகள் தூங்கிவிட்டன. வாழ்த்தியவர்களில் ஒருவரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. சுகதன் தண்ணீர் என்பது உயிர் என்று சொல்லி, அங்கிருந்து உலக சமாதானத்துக்குப் போய்விட்டார். கடைசியில் பிரஜிதாவை அழைத்தேன். பால் கொண்டு வரும்போது போடும் அதே நைட்டி, மேல் துண்டு என்றில்லாமல் அன்று கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் வந்திருந்தாள்.

"அன்னிக்குப் பால்காய்ச்சு வீட்ல மஞ்சக்காமாலை வந்தப்போ, பழி மொதல்ல எதுமேல வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தாள்.

ஞாபகம் இல்லாமலா? அவள் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பழி எனக்கு எவ்வளவு கசந்தது என்று சொல்ல வரவில்லை, அது பாலில் இல்லாமல் எங்கே இருந்தது என்று தேடப் போனேன், அதைச் சொல்ல வந்தேன் என்றாள். புடவைக் கணக்கைச் சொன்னாள். கக்கூஸ் வாக்கியத்தையும் சொன்னாள். ஒரு பயலும் எழுந்து போகவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் திரையில் குப்பிகளைப் போட்டாள்.

முதலில் ஒரு 'ஆகா' எழுந்தது. பிறகு பெண்கள் பக்கத்தில் வத்சலாவின் உதடு அசைவதைப் பார்த்தேன். வத்சலா தபால்காரர் மனைவி, கோடை வரிசையில் இரண்டாவது வீடு. கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் அதையே செய்தாள். பின் வரிசையில் ஒரு ஆண் குரல் தாழ்வாக ஆரம்பித்தது: வாரியர் வீடு ஒண்ணு, தபால்காரர் ரெண்டு, தங்கமணி மூணு... பிரஜிதா கிணறுகளுக்கு எண் போட்டது பால் கொடுக்கும் வரிசையில். அவள் காலுக்கு அந்த வரிசைதான் தெரியும், வேறு எப்படி எண்ணுவாள்? பேராசிரியைக்கு அது வெறும் எண். பால் குப்பியாக வரைந்து மணலிப்பாடத்தில் நிறுத்தி வைத்தால், அது எங்கள் வாசல்.

திரையில் சில குப்பிகள் கால்வாசி, சில பாதி. பதினேழாவது குப்பி மட்டும் கழுத்துவரை சிவப்பு. கோடை வரிசையில் பதினேழு சசிதரன் வீடு. அவர் எண்ணவே இல்லை. அவர் கையில்தான் சீட்டு இருக்கிறதே. வேட்டியின் கரையை நீவிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

பிரஜிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. திரையைத் திரும்பிப் பார்த்தாள், ஜனங்களைப் பார்த்தாள்.

மேடையில் சுகதன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அந்தப் பதினேழு எந்த வீடு? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன் மெம்பரே. ஒவ்வொரு கெணத்தடியிலயும் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ சொல்ல வேண்டாம் மோளே" என்றது பின் வரிசை. "நாங்க எண்ணிட்டோம்."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. குப்பி வைக்காத திண்ணைகளில் இதே சிரிப்புத்தான் அன்று உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தால் யோசனை பின்னால்தான் வரும். எழுந்துவிட்டேன்.

"எண்றவன் ஒழுங்கா எண்ணணும்டா. அவ தண்ணி எடுத்தது மழ தொடங்கினப்போ. மழ வரிசைல பதினேழு யாரு? பத்து வருஷமா கத்திட்டிருக்கேனே, ஒருத்தருக்கும் தெரியாதா? அது என் கெணறு. போதுமா?"

எல்லோரும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை கோயில் பக்கத்திலிருந்து. கோடை வரிசையில் தப்பித்தவர்கள் மழை வரிசையில் மாட்டினார்கள். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜூன் முதல் வாரம் எந்த நாளில் பாலம் முங்கியது, எந்த நாளில் முங்கவில்லை என்று யார் கண்டார்கள்? சுகதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பிரஜிதா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. "எந்த வரிசைன்னு நான் சொல்லல. யாரும் சொல்ல வேண்டாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள். மீதியைப் படம் இல்லாமலே பேசினாள். குழியை எப்படி மாற்றுவது, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது, எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது. "குடுத்த சீட்டு தண்ணி எடுத்த நாளுக்கு மட்டுந்தான். அன்னிக்கு நல்லா இருந்த கெணறு இன்னிக்கும் நல்லா இருக்கும்னு யாரும் தூங்காதீங்க" என்று முடித்தாள். நான் அதை அரைக் காதில் வாங்கிக்கொண்டு பழம்பொரி எல்லோருக்கும் எட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எங்கள் கடைவீதியில் பிளீச்சிங் பவுடர் கிடைக்கவில்லை. இரண்டு வரிசையிலும் சிவப்பு விழுந்த வீடுகள் எல்லாம் வாங்கிவிட்டன. சிவப்பு விழாதவர்களும் மூன்றாவதாக ஒரு வரிசை இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வாங்கினார்கள். சசிதரன் வீட்டில் நாலு ஆட்கள் மண் வெட்டினார்கள். பழைய குழியை மூடி வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் புதிது தோண்டினார். கல்யாண வேலை என்று சொல்லிக்கொண்டார்.

என் வீட்டில் டீ குடிக்க ஆள் வருவது நின்றுபோயிற்று. ரேஷன் கடையில் வருகிறவர்களுக்காகப் பானையில் பதிமுகப் பட்டை ஊறப் போட்ட தண்ணீர் வைப்பேன். அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் ஆட்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு தாகத்தோடு போனார்கள். உண்மை தெரிந்த சசிதரனே ஒருநாள் சர்க்கரை வாங்க வந்து, நீட்டிய தம்ளரை வேண்டாம் என்று கையசைத்தார். மற்றவர்கள் பார்க்கிறார்கள், நாடகத்தை அவரும் நடத்த வேண்டும் அல்லவா? எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். சாமி படத்துக்குப் பின்னால் 'குடிக்கலாம்' இருக்கிறது. ஊருக்காக அவமானத்தைச் சுமக்கிறேன் என்று என் மனைவி இந்திராவிடம் தினமும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு 'உம்' கொட்டினாள்.

பிரஜிதா மட்டும் முகம் கொடுக்கவில்லை. பாலை ஊற்றுவாள், போவாள். கூட்டம் முடிந்த மூன்றாவது நாள் நானே வழிமறித்து, உன் வாக்கைக் காப்பாற்றியவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா என்று கேட்டேன்.

"எம் பேப்பர்ல பொய்யக் கலந்துட்டீங்க சேட்டா" என்றாள். "பால்ல தண்ணி கலந்தா கண்டுபிடிக்க சொசைட்டில மிஷின் இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

"சுகதன் போய்ச் சொல்லி அந்தப் பொண்ணோட கல்யாணம் நின்னிருந்தா?"

"அது எனக்குத் தெரியாதா? அதனாலதான் வாய மூடிட்டு நின்னேன். ரெண்டு நாளா தூக்கமில்ல. கல்யாணம் முடியட்டும். அடுத்த கூட்டத்துல எந்திரிச்சு, செக்ரட்டரி சொன்னது தப்பு, அவரு கெணறு நல்ல கெணறுன்னு சொல்லத்தான் போறேன்."

அப்படிச் சொன்னால் பதினேழு மறுபடி சசிதரன் தலையில்தானே விழும் என்று கத்தினேன். அதையும் யோசித்திருக்கிறாள். எந்த எண் யாருடையது என்று சொல்லப் போவதில்லையாம். ஆராய்ச்சி சொல்லாத ஒன்றை என் கிணற்றின்மேல் எழுத விடமாட்டாளாம், அவ்வளவுதானாம். ஒரு பழி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழாமல் வேறு ஒருவர்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமாம். கையோடு கொண்டுவந்திருந்த பரிசோதனைக் குப்பியில் என் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். பழைய சீட்டு ஜூன் மாதத்துச் சீட்டு, புதுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் ஊர் நம்பும் என்றாள். தாராளமாக எடுத்துக்கொள், உன் இஷ்டம் என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் எலுமிச்சைச் சாற்றுப் பக்கத்தில் சசிதரன் காவல் நின்றார். கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு ஒரு சொட்டு உள்ளே போகவிடவில்லை. என்னை முதல் பந்தியில் உட்கார்த்தி, அவரே குனிந்து இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினார். கண் நனைந்திருந்தது. கை கழுவுகிற இடத்தில் சுகதன் என் தோளைத் தட்டி, "கெணறு சரியாச்சா தாமோதரன் சேட்டா? அலட்சியமா இருக்காதீங்க" என்றார். பொறுத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் ஒரு காலை பிரஜிதா பாலோடு, பரிசோதனைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த சீட்டையும் கொண்டுவந்தாள். வழக்கமாகப் படியில் நின்று பேசுகிறவள் அன்று உள்ளே வந்தாள்.

"பின்னாடி அந்த பாத்ரூம் எப்பக் கட்டினீங்க?"

ஓணத்துக்குக் கட்டியது. மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து வந்து தங்குவதற்கு. அவசரத்தில் கட்டியது, குழிக்கு வேறு இடம் பார்க்க நேரமில்லை. கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள். நான் அளக்கவில்லை. அவள் அளந்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள். ஒரு புடவை அல்ல, ஒரு வேட்டிகூட இல்லையாம்.

சீட்டைப் பிரித்தேன். 'குடிக்கக் கூடாது.'

தியாகி வேஷம் கட்டிக்கொண்டு இத்தனை நாளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தேனா? கடைப் பானையில் ஊருக்கெல்லாம் வைத்தது? நல்ல வேளை, ஒருத்தரும் தொடவில்லை. சமையலறையிலிருந்து இந்திரா எட்டிப் பார்த்தாள்.

"கூட்டத்துல நீங்க அவ்வளவு சத்தமா சொன்னதும், ஒருவேள நெஜமா இருக்குமோன்னு அன்னிக்கே கொதிக்க வெக்க ஆரம்பிச்சுட்டேன். கடைப் பானைக்கும் அதான்" என்றாள். "உங்ககிட்ட சொன்னா சீட்டக் காட்டுவீங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. இனி அவள் கூட்டத்தில் எழுந்து என்னைத் திருத்த வேண்டியதில்லை. சசிதரன் பெயர் மறுபடி யார் வாயிலும் வராது. நான் பொய்யாகச் சொன்னது பொய்யில்லாமல் போய்விட்டது.

அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "அடுத்த கூட்டத்துல நான் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றாள். "ஒரே ஒரு திருத்தந்தான். உங்க நம்பர் பதினேழு இல்ல, ஆறு."

இதை நானே சொல்கிறேன், இல்லையென்றால் நீ மேடையில் என் பெயரைச் சொல்லியே சொல்லு, ஆறு மாதத்தில் நல்ல கிணறு எப்படிக் கெடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்று கேட்டேன். ஊருக்கே தெரிந்ததுதானே, இனி மறைக்க என்ன இருக்கிறது?

பிரஜிதா காலிக் குப்பியை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

"அது உங்க இஷ்டம் சேட்டா. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "உங்க கெணத்தடியிலயும் வாக்குக் குடுத்திருக்கேனே."

சொல்லிவிட்டு ஏழாவது வீட்டுக்குப் போனாள்.